அக்கா வீட்டுக்கு வந்த ஆகாசத் தொரை

மலைநாட்டில் பிறந்தவனுக்குக் குளிர் ஒரு பொருட்டா என்ற திமிரோடுதான் ஊட்டியில் போய் இறங்கினேன். இலங்கையில் ஹட்டனில் பிறந்து, விறைத்த விரலோடு சிலேட்டுப் பிடித்து வளர்ந்தவன் நான். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் அந்தத் திமிரை வேரோடு பிடுங்கிவிட்டது. கீழ்த்தாடை இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க, சொல்லியிருந்தா சுடுதண்ணி வெச்சுக் குடுத்திருப்பனுங்களே," என்று பரிதாபப்பட்டார் ஜீப் டிரைவர் பழனிச்சாமி. குன்னூர்க்காரர். அப்பா காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். எங்களுக்காக ஜீப்பை அமர்த்தியிருந்தார்கள். அதோடு சேர்ந்து அவரும் எங்களை வளர்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

'எங்களை' என்றால் என்னையும் மத்வேய் இல்யிச்சையும். அவர் ரஷ்யர். நான் தாடையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வெறும் பனியனோடு வராந்தாவில் நின்று யூகலிப்டஸ் காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். விண்வெளி வீரர். இரண்டு தடவை மேலே போய் வந்தவர். இரண்டாவது தடவை மாதக்கணக்கில் அங்கேயே விண்வெளி நிலையத்தில் குடியிருந்தவர். இனி பறக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்னபிறகு, நாடு நாடாக அனுப்பி அவரைப் பேச வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உதவிச் சம்பளத்தில் ரஷ்யா போய் இயந்திரப் படிப்புப் படித்தவன். ஊர் திரும்பிய பிறகு இயந்திரத்தைத் தவிர மற்ற எல்லா வேலையும் பார்த்தேன். கொழும்பில் அவர் பேச்சைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்து இந்தியாவில் பேசவேண்டிய இடங்களுக்கு ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளருக்கு மஞ்சள் காமாலை. "நீயே கூட வந்துவிடு, உன் குரல் எனக்குப் பழகிவிட்டது," என்றார் மத்வேய் இல்யிச். நீலகிரி என்ற சொல் காதில் விழுந்ததும் சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் விண்வெளி இல்லை, என் அக்கா.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு, தோட்டத்துச் சனங்களை இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே, ஒரு காம்பரா அறைக்காரர்கள் இந்தியர்கள் ஆனார்கள், பக்கத்துக் காம்பராக்காரர்கள் இலங்கையர்கள் ஆனார்கள். அம்மா, அப்பா, நான் மூவரும் இலங்கை. பாக்கியம் அக்கா வாக்கப்பட்ட வீடு இந்தியா. தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவளை, கூடலூருக்கு அந்தப்பக்கம் தேவர்சோலை வட்டாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடிவைத்திருந்தார்கள். அவள் போனபிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

நான் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அம்மா செத்துப்போனாள். அக்காவுக்கு அது தெரியாது. தெரியவிடவில்லை. இரண்டு தடவை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவது இப்போதுதான் ஏழாம் மாதத்தைத் தொட்டிருந்தது. பிள்ளைத்தாச்சியிடம் சாவைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதிலும் பெற்ற தாயின் சாவு. "பிள்ளை பொறந்து முப்பது கழியட்டும், நானே சொல்லிக்கிறேன்," என்றார் அப்பா. கப்பலேறும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து போய், "எம் மகள எங்கயாவது பாத்தா வாயத் தொறந்துராதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். கடைசியில் என்னையும் கும்பிட்டார். பெற்ற மகனை யாராவது கும்பிடுவார்களா? சரி என்று தலையாட்டினேன்.

இந்தச் சுமையோடு இன்னொரு சுமையும் பெட்டியில் இருந்தது: மாசிக் கருவாடு. எங்கள் ஊரில் மாசி இல்லாமல் சம்பல் என்கிற துவையல் இல்லை. இந்தியாவில் அது கிடைப்பதில்லை என்று அக்கா ஆள் மேல் ஆளாகச் சொல்லிவிட்டுக்கொண்டே இருந்தாள். தாளில் சுற்றி, துணியில் சுற்றி, டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தும் நாற்றம் அடங்கவில்லை.

"இந்தப் பொட்டிக்குள்ள என்னதானுங்க வெச்சிருக்கறீங்க? எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா?" என்று பழனிச்சாமி ஜீப்பின் மூலைமுடுக்கெல்லாம் துழாவினார். நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். மத்வேய் இல்யிச் எட்டிப் பார்த்து, ஒரு துண்டை எடுத்து மோந்து, கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஊரில் ஆற்றுமீனை உப்புப் போட்டுக் கயிற்றில் கட்டிக் காயப்போடுவார்களாம், அதே வாசனையாம். கேட்காமலேயே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். இந்த வேகத்தில் போனால் அக்காவுக்கு டப்பாதான் மிஞ்சும் என்று பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சு. மத்வேய் இல்யிச் எடுத்த எடுப்பிலேயே, "நான் வீரனெல்லாம் இல்லை, காத்திருப்பதில்தான் கெட்டிக்காரன்," என்றார். டிராக்டர் ஓட்டப் படித்த கிராமத்துப் பையன், பிறகு விமானி, பிறகு விண்வெளிக்குத் தேர்வு. பம்பரம்போலச் சுற்றும் நாற்காலியில் உட்கார்ந்து வாந்தியெடுக்காமல் இருக்கப் பழகியதற்கப்புறம், வருடக்கணக்கில் மாற்று ஆள். ஒவ்வொரு தடவையும் போகிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவர் போகவேண்டும். ஒருத்தனுக்கும் காய்ச்சல் வரவில்லை. "அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு தும்மலாவது வரட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்," என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குளிப்பது எப்படி என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். குளிப்பதே இல்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி, மாதக்கணக்கில் அப்படித்தான் என்று அவர் சொன்னார். தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தினமும் சுத்தமாகத் துடைத்துக்கொள்வார்," என்று நான் தமிழாக்கினேன். எங்கள் தொழிலில் இந்த மாதிரி மெழுகுவது சகஜம். பிறகு, அங்கே ஒரு நாளைக்குப் பதினாறு தடவை சூரியன் உதிக்கும் என்று அவர் சொன்னதும், முன்வரிசையில் இருந்த சமஸ்கிருத ஆசிரியர் எழுந்து, "அப்படின்னா அமாவாசைத் தர்ப்பணம் எந்த உதயத்துக்கு?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். மத்வேய் இல்யிச் கொஞ்சமும் சிரிக்காமல், "மாஸ்கோ கடிகாரப்படி," என்றார். ஆசிரியரும் திருப்தியாக உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் குன்னூரில் ஒரு தேயிலை ஃபாக்டரி. நுழைந்ததுமே எனக்கு வீட்டு வாசனை. வாடிய கொழுந்தின் வாசனை எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் தேத்தண்ணி ஒன்றில்லை. ஹட்டனில் சாயம் தங்கம் மாதிரி இருக்கும். இங்கே கொஞ்சம் கனம், வாசனை மூக்கில் ஏறுகிறது. நான் இப்படி ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததில் ஃபாக்டரி அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கூர்த் தூளைவிட எங்குளுது எதுல சார் கொறச்சல்?" என்றார். சண்டையை விடுத்து இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மத்வேய் இல்யிச் கப்பை இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையைக் கிடத்துவதுபோல மேசையில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். மேலேயிருந்து வந்த புதிதில், குடித்து முடித்த கப்பை அப்படியே காற்றில் விட்டுவிடுவாராம். அங்கே அது மிதந்துகொண்டு நிற்கும், இங்கே விழுந்து நொறுங்கும். வீட்டில் ஒரு பீங்கானும் மிஞ்சவில்லை, மனைவி தகர டம்ளருக்கு மாறிவிட்டாள் என்றார். மேலே போன முதல் நாட்களில் முகம் ஊதி, மூக்கு அடைத்து, எது தின்றாலும் அட்டை மாதிரி இருக்குமாம். தூங்கும்போது பையைச் சுவரில் கட்டிக்கொள்ள வேண்டுமாம், இல்லாவிட்டால் தூக்கத்திலேயே மிதந்துபோய்த் தலை இடிக்குமாம்.

அன்று மாலை ஃபாக்டரி வெளியே பழனிச்சாமி வாங்கி வந்த வர்க்கியைக் கொறித்துக்கொண்டிருந்தபோது, "அந்தக் கருவாடு யாருக்கு?" என்று மத்வேய் இல்யிச் கேட்டார். அக்காவுக்கு என்றேன். "அக்காவைப் பார்க்கப் போகிறவன் முகமா இது?" என்றார். அதற்கு மேல் எனக்கு மறைக்க முடியவில்லை. அம்மா செத்தது, அக்காவின் வயிறு, அப்பா கும்பிட்டது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் வர்க்கித் தூளைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் இரண்டாவது தடவை மேலே இருந்தபோது என் அப்பா இறந்தார். எனக்குச் சொல்லவில்லை. மேலே நாங்கள் இரண்டே பேர். ஒருத்தன் மனசு உடைந்து ஒரு விசையைத் தவறாக அழுத்தினால் இரண்டு பேரும் காலி. அதனால் சொல்லவில்லை. அது சரிதான். நான் கீழே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஆனால் தரையிலிருந்து ரேடியோவில் பேசுகிறவன் என் சிநேகிதன் கோல்யா. அப்பா தேனீ வளர்ப்பவர். பனிக்கு முன்னால் கூடுகளைப் போர்த்தச் சொல்லு என்று அவனிடம் சொன்னேன். மறுநாள் கோல்யா, 'உன் கூட்டை நீ பார்த்துக்கொள், என் கூட்டை எனக்குப் பார்க்கத் தெரியும் என்கிறார் உன் அப்பா' என்றான். அச்சு அசல் அப்பா பேச்சு. நான் மிதந்துகொண்டே சிரித்தேன். வாரக்கணக்கில் அப்படி எத்தனையோ பதில்கள். எல்லாம் கோல்யா கட்டியது. புதைத்த பிறகு அப்பா சொல்லாத பகடிக்கு நான் சிரித்திருக்கிறேன். மறைத்ததை மன்னித்துவிட்டேன். அவர் வாயில் பேச்சை வைத்ததை மட்டும் இன்னும் முடியவில்லை."

இறங்கியபோது அவரால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லையாம். கையில் கொடுத்த பூங்கொத்து பாறாங்கல் மாதிரி கனத்ததாம். நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனபோது கோல்யா குனிந்து காதில் சொன்னானாம். "வீட்டுக்குப் போனேன். எங்கள் வழக்கப்படி நாற்பதாம் நாள்கூட முடிந்துவிட்டிருந்தது. எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். வாசலில் பாண்டு வாத்தியம், கழுத்தில் பதக்கம். என்னோடு சேர்ந்து அழ ஒரு ஆள் இல்லை."

கோல்யாவோடு பேச்சு உண்டா என்று கேட்டேன். "மீன்பிடிக்கப் போவோம். அப்பாவைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்," என்றார்.

மறுநாள் நிகழ்ச்சி, ஏரியில் படகு சவாரியும் பூங்காவும். வரவேற்புக் குழுக்காரர்கள் மாலையோடு வந்து நின்றார்கள். மத்வேய் இல்யிச் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதுகெலும்பில் சுண்ணாம்பெல்லாம் விண்வெளியிலேயே கரைந்துவிட்டது, படகில் உட்கார முடியாது என்று முனகினார். பாவம் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஜீப்பில் தாவி ஏறி, "அக்கா வீட்டுக்கு," என்றார். படகில் உட்கார முடியாத முதுகு கூடலூர் ரோட்டில் ஜீப்பில் உட்காருமா என்று யார் கேட்பது!

நடுவட்டத்துக்குக் கிட்டே, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியதில் ஜீப் சேற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பழனிச்சாமி ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, சேறு முழுவதும் என் மேல். மத்வேய் இல்யிச் இறங்கிப் பின்னால் தோளைக் கொடுத்தார். கேரட் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற இந்த மலைச் சனமான படகர்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துத் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். "என்ன சொல்றாங்க?" என்றேன். "இந்த வெள்ளைக்காரர ஏருல பூட்டுனா ரெண்டு மாடு மிச்சமுங்கறாங்க," என்றார் பழனிச்சாமி. பிறகு அவர்களும் வந்து தள்ளினார்கள். ஜீப் ஏறியதும் மத்வேய் இல்யிச் மூச்சு வாங்க, "மேலே என்றால் இதை ஒரு விரலால் தள்ளியிருப்பேன்," என்றார். முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தது. பொய்க்குத் தண்டனை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

தேவர்சோலை தாண்டி, மண் ரோட்டில், வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். இங்கேயும் அதை லயம் என்றுதான் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, கொழுந்துக்கு லீவு. ஒரு வெள்ளைக்காரர் இறங்கியதும், "தொரை வந்துட்டாரு," என்று சத்தம் கிளம்பி லயமே வெளியே வந்துவிட்டது. எங்கள் சனத்துக்கு வெள்ளைத் தோல் என்றாலே தோட்டத்துத் தொரைதான். "ஏதோ ஆபீஸ் தொரை போல, இலங்கையில விட்டுட்டு வந்த ஆளுகள எப்ப அனுப்புவீங்கன்னு கேளுங்கடி," என்று ஒருத்தி பின்னாலிருந்து தள்ளினாள். நான் பதறிப்போய், இவர் ஆபீஸ் இல்லை, ஆகாசத்துக்குப் போய் வந்தவர் என்றேன். அடுத்த நிமிஷம் அவர் ஆகாசத் தொரை ஆகிவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். "எளைச்சுப் போயிட்டியேடா தம்பி," என்று இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தாள். வயிறு முன்னால் நின்றது. அவளுக்குப் பின்னால் மச்சான் ராசு நின்றிருந்தார். அவருக்கு மட்டும் அப்பா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். ஜாக்கிரதை என்று கண்ணாலேயே சொன்னார். நானும் கண்ணாலேயே சரி என்றேன்.

பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்காவின் அதிகாரம் அந்த லயத்தில் செல்லும்போலிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள், சாவுக்குப் போனால் ஒப்பாரிக்கும் முன்னால் நிற்பவள் என்று மச்சான் சொன்னார். அவள் மத்வேய் இல்யிச்சை மேலும் கீழும் பார்த்து, "ஏந் தொரை, அம்புட்டு ஒசரம் போனா கீழ விழுந்துற மாட்டீங்க?" என்றாள். அவர், "விழுந்துகொண்டேதான் இருக்கிறோம் அம்மா. தரைதான் வருவதில்லை," என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவள், "அட, தலமன்னாருல ஏறுனதுலேருந்து நம்மளும் அப்புடித்தானே இருக்கோம்!" என்று கையைத் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா தேங்காய் ரொட்டி சுட்டாள். மாசியை இடித்துச் சம்பல் அரைத்தாள். அம்மியில் கை போகும் வேகத்தைப் பார்த்து, "மெதுவா, மெதுவா," என்று மச்சான் பதறிக்கொண்டே இருந்தார். மத்வேய் இல்யிச் உறைப்பில் கண்ணீரும் மூக்குமாக, நிறுத்தாமல் தின்றார். இந்த மாதிரி ஒன்று மேலே கிடைத்திருந்தால் இன்னும் ஆறு மாதம் இருந்திருப்பேன் என்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவிலேயே உள்ளே போய் ஒரு தைலப் புட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அம்மா முட்டிக்கு. இங்கத்துத் தைலம் நல்லா கேக்குது. ராவுல சூடு பறக்கத் தேச்சுவுடச் சொல்லு அப்பாவ." புட்டியை நான் தொடவில்லை. அவள் எதிரே சாக்கில் சாய்ந்து உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு கேட்டாள்.

"சரி, அம்மா எனக்கு என்னா சொல்லிவிட்டுச்சு?"

மச்சான் முந்திக்கொண்டார். "என்னா சொல்லப்போறாங்க, ஒடம்பப் பாத்துக்க, வேல வெட்டிக்குப் போவாதன்னு..."

"ஒங்கள யாரு கேட்டா? கப்பல்ல வந்தவங்க சொன்னாங்கன்னு தெனம் ஒண்ணு நீங்கதான் சொல்றீங்களே. தம்பி சொல்லட்டும்."

என் வாயில் பதில் தயாராக இருந்தது. அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? 'வெறகு தூக்காத, வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்து, மாப்பிள்ளைகிட்ட வாயாடாத.' அவள் குரல், அவள் இழுப்பு, எல்லாம் நாக்கு நுனியில். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைப் பேசிச் சம்பளம் வாங்குகிறவன் நான். எதிரே மத்வேய் இல்யிச் ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் முகம் தெரிந்திருக்கும். என்னால் முடியவில்லை. செத்த அம்மாவின் வாயில் ஒரு சொல்லை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஒண்ணும் சொல்லிவிடலக்கா," என்றேன்.

மறைத்ததாகவே நினைத்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்! அக்காவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. கடைக்கு உப்பு வாங்கப் போகிறவனிடம்கூட ஒன்பது சேதி சொல்லிவிடுகிறவள் எங்கள் அம்மா.

"எங்கம்மா ஒண்ணும் சொல்லாமயா ஒன்ன கப்பலேத்துச்சு?" என்றாள். பிறகு மச்சானைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "எப்ப?" என்றாள்.

சொன்னேன். மூன்று நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லாரியிலேயே போய்விட்டாள் என்று சொன்னேன்.

"கடைசியா என்னாச்சும் பேசுச்சா? எம் பேரச் சொல்லுச்சா? பொய் சொல்லாத."

"இல்லக்கா. லாரி ரொம்பக் குலுக்குச்சு. 'மெல்லப் போவச் சொல்லுடா'ன்னாங்க. அம்புட்டுதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அது அம்மாதான்," என்றாள். உதடு கோணியது. வாயைத் திறந்து, மார்பில் அறையக் கையை ஓங்கினாள்.

அந்தக் கையைக் கருப்பாயி அக்கா பிடித்துக்கொண்டாள். எப்போது உள்ளே வந்தாள் என்று எனக்குத் தெரியாது. "ஏய், கூடாது. ரெண்டு தடவ பறிகுடுத்த வயிறு. நீ அழுவக் கூடாது, மாரடிக்கக் கூடாது. மூச்ச இழுத்துவுட்டுக்கிட்டு உக்காரு. ஒனக்கு நாங்க அழுவுறோம்." வாசலைப் பார்த்து, "வாங்கடி," என்றாள்.

பெண்கள் வந்தார்கள். அம்மாவைப் பார்த்தே இராதவர்கள் பாதிப் பேர். வேறு வேறு தோட்டத்திலிருந்து கப்பலேறி, இங்கே வந்து ஒரே லயத்தில் சேர்ந்தவர்கள். தோளில் தோள் கோத்து வட்டமாக உட்கார்ந்தார்கள். மத்வேய் இல்யிச் என்னைப் பார்க்க, அக்கா கேட்டதையும் நான் சொன்னதையும் இரண்டு வரியில் சொன்னேன். வீட்டுத் துக்கத்தில் அந்நியன் இருக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தொரை ஏன் எந்திரிக்கிறாரு? சாப்புட்டு முடியலையே," என்றாள் அக்கா. அந்த நிலையிலும் விருந்தாளி மேல் கண். நான் அவர் அப்பாவின் கதையைச் சொன்னேன். மேலே இருந்தபோது இறந்தது, மறைத்தது, இறங்கி வந்தபோது எல்லோரும் அழுது முடித்துவிட்டிருந்தது.

"அப்ப இவருகிட்ட யாருமே துக்கம் கேக்கலையா?" என்றாள் கருப்பாயி அக்கா. எங்கள் வழக்கத்தில், இழவு கண்டவரை முதல் தடவை பார்க்கும்போது, அது எத்தனை வருஷம் கழித்தென்றாலும், துக்கம் கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. "அடப்பாவமே. ஒக்காரச் சொல்லு அவர. அப்பன் பேரு என்னா?"

"இல்யா," என்றேன். இல்யிச் என்றால் இல்யாவின் மகன், மகன் பேரோடு சேர்ந்தே வருகிற பேர்தான். "தேனீ வளத்தாரு."

மத்வேய் இல்யிச் உட்கார்ந்தார். கருப்பாயி அக்கா முதலில் என் அம்மாவுக்கு ஒப்பாரி எடுத்தாள். 'கடல் தாண்டிப் போன மக கண்ணுல முழிக்காம' என்று தொடங்கி, தோட்டம், மலை, கப்பல் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிறகு மூச்செடுத்து, குரலை இறக்கி,

"தேனெடுத்த ராசாவே – எங்க இல்யா ஐயாவே
வானமேறிப் போன மகன் – இப்ப
வந்து நிக்கான் வாசலுல
வாய்தெறந்து கேக்கலையே – அவன
வாடா மகனேன்னு கேக்கலையே"

என்று இழுத்தாள். மற்றவர்கள் சேர்ந்து அழுதார்கள். ரஷ்யாவில் எந்த ஆற்றங்கரையிலோ மண்ணுக்குள் கிடக்கிற ஒருத்தருக்காக, தேவர்சோலையில் பொட்டப்பகலில், மாசிச் சம்பல் வாசனைக்கு நடுவில் அழுதார்கள். இந்தத் துக்கம் பழசு, அது புதுசு என்று அவர்கள் பார்க்கவில்லை. மத்வேய் இல்யிச் தன் அப்பா பேரைக் கேட்டதும் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற பழனிச்சாமி தோள் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பெத்தவங்க சமாச்சாரமுங்க," என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

படிக்கிறவர்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை, தலை நிறைய முடி. அப்பா என்னோடு கொஞ்ச காலம் பேசாமல் இருந்தார், அந்தச் சேதி வந்ததும் பேசிவிட்டார்.

ஆனால் அன்று அந்த நேரத்தில் அது எங்களுக்குத் தெரியாதே. அக்கா சுவரில் முதுகைக் கொடுத்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், கருப்பாயி அக்கா சொன்னபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். தன் அம்மாவுக்காக ஊரே அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா செத்த நாளிலிருந்து நானும் அழவில்லை. அப்பாவைப் பிடிக்க வேண்டியிருந்தது, காரியம் பார்க்க வேண்டியிருந்தது, பிறகு இந்தப் பொய்யைச் சுமக்க வேண்டியிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏண்டா கல்லு மாதிரி உக்காந்திருக்க?" என்றாள். "ஒனக்கு வயித்துல ஒண்ணும் இல்லையே. எனக்கும் சேத்து அழுவுடா."